கன்னத்தில் முளைத்த கண்

குழந்தைவேலு தன் வாழ்நாளில் அதிகம் சொன்ன வாக்கியம் எது என்று கேட்டால், உடுமலைப்பேட்டையில் பாதிப் பேர் யோசிக்காமல் சொல்வார்கள்: "ஜன்னலை மறைக்காதீங்க!"

இருபத்தெட்டு வருடமாக மதுரம் ஸ்டுடியோவில் அவர் குழந்தைகளை மட்டுமே படம் எடுத்து வருகிறார். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதற்கும் போகமாட்டார். வடக்குப் பார்த்த பெரிய ஜன்னல் ஒன்று, அதற்கு எதிரே மெத்தை, மெத்தையில் குழந்தை. இவர் கேமராவோடு தரையில் குப்புறப் படுத்துக்கொள்வார். குழந்தையின் கண்ணும் கேமராவின் கண்ணும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். அந்தக் கருவிழிக்குள் ஜன்னல் வெள்ளைச் சதுரமாக விழ வேண்டும். விழுந்தால் கண் பேசும், விழாவிட்டால் அது வெறும் புளியங்கொட்டை என்பது அவர் கட்சி. ஆனால் குழந்தையைச் சிரிக்க வைக்கிறேன் என்று கிலுகிலுப்பையோடு வருகிற மாமாவும் சித்தியும் சரியாக அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் போய் நிற்பார்கள். தரையில் கிடக்கிற மனிதர் கத்தாமல் என்ன செய்வார்?

இப்போது 2049. வெறுமனே சிரித்துக்கொண்டு அசையாமல் இருக்கிற படம் யாருக்கும் வேண்டாம். உயிர்ப்படம் வேண்டும். சுவரில் மாட்டிய சட்டத்தின் ஓரத்தில் கடுகளவு கேமரா ஒன்று இருக்கும். வீட்டுக்குள் யார் வந்தாலும் படத்திலிருக்கிற குழந்தையின் கண்கள் அவர்கள் பக்கம் திரும்பும், விரியும், மினுங்கும். கண்ணுக்கு இந்த வித்தையைச் செய்கிற மென்பொருளுக்கு 'விழிச்சுடர்' என்று பெயர். கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று செய்தது. குழந்தைவேலு இரண்டு வருடம் அதை வையவும் செய்தார், பிறகு வாங்கவும் செய்தார்.

வாங்கி முதன்முதலாக எடுத்தது மகிழினியை. ஒன்பது மாதக் குழந்தை. குழந்தைவேலுவின் மச்சினன் பூபதியின் மகள்.

பூபதிக்கு அக்கா, குழந்தைவேலுவுக்கு மனைவி, பெயர் வளர்மதி. மாட்டாஸ்பத்திரியில் கம்பவுண்டர். உலகம் எவ்வளவு மாறினாலும் எருமையைப் பிடித்து ஊசி போட ஆள்தான் வேண்டியிருக்கிறது, ஆகவே அவள் வேலைக்கு ஆபத்தில்லை. இருவருக்கும் கல்யாணமாகி இருபது வருடம். குழந்தை இல்லை. அதைப் பற்றி அவரும் பேசமாட்டார், அவளும் பேசமாட்டாள். நாள் முழுக்க ஊரார் குழந்தைகளின் கண்ணைப் பார்த்துவிட்டு அவர் வீட்டுக்கு வந்து ரசம் சாதம் சாப்பிடுவார்.

மகிழினிக்குக் கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைத்தது வளர்மதிதான். அத்தை வைக்க வேண்டும் என்பது அவர்கள் குடும்ப வழக்கம். மற்றவர்கள் விரலால் மையைத் தொட்டு ஈஷிவிடுவார்கள். வளர்மதி கம்பவுண்டர் அல்லவா? பஞ்சு சுற்றிய குச்சியை மையில் தோய்த்து, கை நடுங்காமல், ஓட்டைக் காசுபோல அத்தனை வட்டமாக வைத்தாள். விளக்கெண்ணெய் மை, பளபளவென்றிருந்தது. அந்தப் பளபளப்பில் வடக்கு ஜன்னல் வெள்ளைச் சதுரமாக விழுந்தது.

விழிச்சுடர் அதைப் பார்த்தது. கறுப்பாக, வட்டமாக, நடுவில் வெள்ளை மினுக்கோடு மூன்று இருந்தன. அதைச் செய்தவர்கள் பயிற்றுவித்த லட்சக்கணக்கான படங்களில் கன்னத்துப் பொட்டு என்கிற சமாச்சாரமே கிடையாது போலும். மூன்றையும் கண் என்று எடுத்துக்கொண்டு மூன்றுக்கும் உயிர் கொடுத்துவிட்டது.

குழந்தைவேலு இதைக் கவனிக்கவில்லை. இரண்டு கண்ணையும் பார்த்தார், திருப்தியாக இருந்தது, சட்டத்தைப் பொதிந்து மச்சினன் வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிவிட்டார். விளக்கைப் போட்டதும் மகிழினி சுவரிலிருந்து எல்லாரையும் பார்த்தாள். அவள் கன்னமும் பார்த்தது.

பூபதியின் மனைவி கவுசல்யா வீலென்று கத்தினாள். பூபதி, "மச்சான்... இது என்னங்க மச்சான்?" என்றான்.

இந்த இடத்தில் 'தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் குழந்தைவேலுவுக்கு அந்த வார்த்தை மட்டும் பிறந்ததிலிருந்து வாயில் வந்ததில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"இது திருஷ்டி மாடல். புதுசா வந்திருக்குது. யாராச்சும் கெட்ட கண்ணு போட்டா அந்தப் பொட்டு அவிய பக்கம் திரும்பிக்கும். நம்ம பாப்பாவுக்குன்னு சொல்லி வாங்குனேன்."

"அப்புடீங்களா அண்ணா!" என்றாள் கவுசல்யா. பயம் போய் முகத்தில் பெருமை வந்துவிட்டது.

கவுசல்யாவின் அப்பா நாச்சிமுத்து அங்கே இருந்தார். நில அளவைத் துறையில் முப்பத்தைந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் அளக்காமல் நம்பமாட்டார், அளந்துவிட்டால் கடவுளே வந்து சொன்னாலும் மாற்றமாட்டார். அவர் அந்தக் கன்னத்துக் கண்ணை வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "பாக்கலாம் தம்பி" என்றார்.

இரண்டே வாரத்தில் ஊரெல்லாம் செய்தி பரவியது. ஸ்டுடியோ வாசலில் பிள்ளையும் கையுமாகக் கூட்டம். எல்லாருக்கும் மூன்றாம் கண் வேண்டும். வளர்மதியின் கைவாகு எல்லாருக்கும் வராதே, ஆகவே குழந்தைவேலு பேனா மூடியில் மையைத் தடவி, தபால்காரர் முத்திரை குத்துவதுபோல ஒவ்வொரு கன்னத்திலும் குத்தினார். ஊருக்குள் சம்பந்தி வீடுகளில் புதுப்புதுச் சண்டைகள் கிளம்பின. குழந்தை பார்க்க வருகிறவர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வந்தார்கள். தளி ரோட்டில் ஒரு பெரியப்பா, படம் தன்னை முறைத்துவிட்டது என்பதற்காக மாரியம்மன் கோயிலில் சூடம் அடித்துச் சத்தியம் செய்துவிட்டு வந்தார். வந்தபிறகும் அது அவரையே முறைத்தது. குழந்தைவேலு இதையெல்லாம் கேட்டுச் சிரித்தார். ஆளுக்கு ஒரு கதை கட்டிக்கொள்கிறார்கள், நமக்கென்ன என்று இருந்தார்.

பூபதி வீட்டில் மட்டும் நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அவர் வேலையில் இறங்கியிருந்தார்.

வளர்மதி தினமும் சாயங்காலம் ஆஸ்பத்திரி முடிந்ததும் குளித்து, துணி மாற்றி, தம்பி வீட்டுக்குப் போவாள். ஒரு மணிநேரம் இருந்துவிட்டு வருவாள். "பாப்பா என்ன பண்றா?" என்று குழந்தைவேலு கேட்டால், "தூங்கீட்டு இருந்தாளுங்க. சமத்து, சாயங்காலமானா தூங்கிப்போடுவா" என்பாள். அவரும் சரி என்று ரசத்தை ஊற்றிக்கொள்வார்.

நாச்சிமுத்து சுவரில் படத்தின் கன்னத்துக்கு நேராக ஓர் ஆணி அடித்தார். அதில் நூலைக் கட்டினார். அந்தக் கண் எந்தத் திசையில் பார்க்கிறதோ அந்தத் திசையில் நூலை இழுத்துப் பிடித்தார். நூல் போய் முட்டிய இடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் வளர்மதி. மறுநாள் அவளைச் சோபாவில் உட்காரச் சொன்னார். நூல் சோபாவுக்கு வந்தது. அதற்கடுத்த நாள் அவள் சமையலறை வாசலில் நின்றாள். நூல் சமையலறை வாசலுக்குப் போனது. ஆறு நாள் அளந்து, நோட்டில் படம் வரைந்து, ஏழாம் நாள் மகளைக் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார்.

"அளவு தப்பாது கண்ணு. பிள்ளை இல்லாத ஏக்கம். அவ மேல கோவிச்சுக்கவும் முடியாது. ஆனா பாப்பாவப் பாத்துக்கோணுமல்ல?"

அடுத்த நாள் வளர்மதி போனபோது கதவு பாதிதான் திறந்தது. பூபதி தலையைக் குனிந்துகொண்டு, "அக்கா, கொஞ்ச நாளைக்கு..." என்றான். அவள் வாசலோடு திரும்பிவிட்டாள்.

வீட்டுக்கு வந்து அழுதிருந்தால் குழந்தைவேலு எதையாவது சொல்லிச் சமாளித்திருப்பார். அவள் அழவில்லை. நான்கு நாள் சும்மா இருந்தாள். ஐந்தாம் நாள் காலையில் அவருக்குத் தோசை வார்த்துப் போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, நெசமாவே என்ற கண்ணு கெட்ட கண்ணுங்களா?"

"என்ன பேச்சு இது அம்மிணி!"

"இல்லீங்க, நீங்கதான சொன்னீங்க, திருஷ்டி மாடலுன்னு. அது என்னையத்தான பாக்குது. நேத்து ஆஸ்பத்திரில ஒரு கன்னுக்குட்டி பொறந்துச்சுங்க. நெத்தியில வெள்ளையா, அத்தன அழகு. நா பாக்காம அந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கிட்டேன். எதுக்குங்க வம்பு? பாவம், அதுக்கு எதுனா ஆயிட்டா?"

குழந்தைவேலு தோசைத் தட்டைத் தள்ளி வைத்தார். இருபது வருடத்தில் அவருக்கு அவள்மேல் கோபம் வந்திருக்கிறது, பாசம் வந்திருக்கிறது. தன்மேலேயே இப்படி அருவருப்பு வந்தது அன்றுதான். 'தெரியவில்லை' என்று ஒரு வார்த்தை சொல்ல வெட்கப்பட்டு, கட்டியவளைக் கன்றுக்குட்டிக்கு முன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்ள வைத்துவிட்டார்.

ஸ்டுடியோவுக்குப் போன கையோடு கம்பெனிக்குப் பேசினார். திரையில் வந்தவள் எஞ்சினியர் ஹேமபிரபா. இருபத்தைந்து வயதிருக்கும், சுறுசுறுப்பான பெண். படத்தை அனுப்பியதும் முதலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பிறகு இவர் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

"சாரி சார். பொட்டை எங்க மென்பொருள் கண்ணுன்னு நெனச்சிடுச்சு. எங்க டீம்ல யாரும் இதை யோசிக்கவே இல்ல. எனக்கே எங்கம்மா மூணு வயசு வரைக்கும் வச்சாங்க, எனக்கும் தோணல பாருங்க."

"அது கெடக்குட்டும் அம்மிணி. அது எதுக்கு ஒருத்தரையே முறைக்குது?"

"முறைக்கல சார். நெசக் கண்ணு ரெண்டுக்கும் நாங்க வேலை குடுத்திருக்கோம். வர்றவங்களைப் பாக்கணும், சிரிக்கணும், அப்பப்ப மூடித் தொறக்கணும். மூணாவதுக்கு எந்த வேலையும் குடுக்கல. வேலை இல்லாத கண்ணு என்ன பண்ணும்னா, படத்தை யாரு ரொம்ப நேரம் பாக்கறாங்களோ அவங்களையே திருப்பிப் பாத்துட்டிருக்கும். அவ்வளவுதான்."

"பாக்கற மாதிரி இல்லீங்களே. கோவமா இருக்குதே."

"அதுக்கு இமை இல்ல சார். புருவமும் இல்ல. இமை இல்லாத கண்ணு யாரை எப்படிப் பாத்தாலும் முறைக்கிற மாதிரிதான் தெரியும்."

குழந்தைவேலு தான் அனுப்பிய படத்தை எடுத்து மறுபடியும் பார்த்தார். இருபத்தெட்டு வருடம் கண்ணை மட்டுமே பார்த்துப் பிழைத்தவர் அவர். இமையைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

"யாரு எவ்வளவு நேரம் பாத்தாங்கன்னு அதுல இருக்குங்களா?"

"இருக்கு சார். வீட்டு ஆளுங்க பேரு போட்டே இருக்கும். சட்டத்துக்குப் பின்னாடி பொத்தானை அழுத்தினா வரும். திங்கக்கிழமை எல்லாச் சட்டத்துக்கும் நாங்களே சரிபண்ணி அனுப்பிடறோம். ஆனா சார்..." அவள் தயங்கினாள். "இது தப்புன்னு ஊருக்குள்ள சொன்னீங்கன்னா, கூட்டம் நின்னுடுமே?"

நின்றுவிடும். வெளியே பெஞ்சில் அன்றைக்கும் பதினோரு குழந்தைகள் கன்னத்தைக் காட்டிக்கொண்டு காத்திருந்தன. அவர் நல்லவர்தான், ஆனால் உடனே எழுந்து ஓடுகிற அளவுக்கு நல்லவர் அல்ல. பதினோரு பேருக்கும் முத்திரை குத்திவிட்டுத்தான் எழுந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மகிழினிக்கு முதல் பிறந்தநாள். சின்ன மண்டபம், நூறு பேர். வாசலில் மேசைமேல் செவ்வந்தி மாலையோடு அந்தப் படம். வளர்மதியைக் கூப்பிட்டிருந்தார்கள், கூப்பிடாவிட்டால் ஊர் பேசும். ஆனால் அவளுக்கு நாற்காலி ஒரு தூணுக்குப் பின்னால் போடப்பட்டிருந்தது. படத்திலிருந்து பார்த்தால் எந்தக் கோணத்திலும் தெரியாத இடம் என்று நாச்சிமுத்து காலையிலேயே வந்து நூல் பிடித்து வைத்திருந்தார். வளர்மதி புதுப் பாவாடைத் துணியும் மைச்சிமிழும் மடியில் வைத்துக்கொண்டு அங்கேயே அடக்கமாக உட்கார்ந்திருந்தாள். பொட்டு வைக்கிற நேரம் வந்தது.

"இந்தத் தடவ வேற ஆருனாச்சும் வெக்கட்டுமே" என்றார் நாச்சிமுத்து. "நம்ம செல்லாத்தா பேத்தி வெக்கட்டும். எல்லாம் ஒண்ணுதான்."

வளர்மதி எழப்போனவள் திரும்ப உட்கார்ந்துவிட்டாள். மைச்சிமிழை முந்தானையில் மறைத்துக்கொண்டாள். அதைப் பார்த்த குழந்தைவேலுவுக்கு எங்கிருந்து ஆவேசம் வந்ததோ, எதையாவது கத்த வேண்டும் என்று வாயைத் திறந்தார். வாய்க்குப் பழகிய ஒரே கத்தல்தான் வந்தது.

"ஜன்னலை மறைக்காதீங்க!"

நூறு பேரும் ஜன்னல் எங்கே என்று தேடினார்கள்.

"அது வந்து..." என்றார். "திருஷ்டி மாடலுன்னு ஒண்ணும் கெடையாது. நாந்தான் புளுகுனேன். பொட்டு வட்டமா இருந்ததால அந்த மெசினு கண்ணுன்னு நெனச்சுப்போடுச்சு. எனக்கு அன்னிக்கு ஒண்ணுமே தெரியல. தெரியலைன்னு சொல்றதுக்கு வெக்கமா இருந்துச்சு."

"தம்பி, பொண்டாட்டிக்காகப் பேசறீங்க" என்றார் நாச்சிமுத்து, இரக்கத்தோடு. "நா அளந்திருக்கறேன்."

"நீங்க அளந்தது சரிங்க ஐயா. அது யாரையப் பாக்குதுன்னு அளந்தீங்க. எதுக்குப் பாக்குதுன்னு அளக்கல. படத்தை ஆரு ரொம்ப நேரம் பாக்கறாங்களோ, அவியளத்தான் அது பாக்கும். பின்னாடி பொத்தான் இருக்குது. பூபதி, அமுக்கிப் படிய்யா."

பூபதி அமுக்கினான். மகிழினியின் முகம் மறைந்து ஒரு பட்டியல் வந்தது. அவன் சத்தமாகப் படித்தான்.

"வளர்மதி, அம்பத்தெட்டு மணி நேரம். நாச்சிமுத்து, மூணு மணி நேரம். கவுசல்யா, ரெண்டேகால் மணி நேரம். பூபதி..." குரல் தேய்ந்தது. "பதினோரு நிமிசம்."

"அப்புறம்?" என்றார் குழந்தைவேலு.

"குழந்தைவேலு. ஏழு செகண்டுங்க மச்சான்."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாச்சிமுத்து சிரிக்கவில்லை. அவர் பட்டியலை இரண்டு தரம் படித்தார், மனத்துக்குள் ஏதோ கூட்டிக் கழித்தார். கணக்கு உதைத்தது. தூணைச் சுற்றிப் போய் வளர்மதிக்கு முன்னால் நின்றார்.

"ஏம் கண்ணு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரந்தான் வருவே. வந்த நேரமெல்லாம் நீ படத்தைத்தான் பாத்திருக்கறே. அப்பக் கொழந்தைய எப்பப் பாத்தே?"

வளர்மதி எழுந்து நின்றுகொண்டாள். அவள் முகத்தில் குற்றம் சாட்டுகிற குறி ஒன்றுகூட இல்லை.

"பாப்பா தூங்கீட்டு இருப்பாளுங்க மாமா. எழுப்பக் கூடாதல்லங்க? அதனால ஹால்ல உக்காந்து படத்தைப் பாத்துட்டுப் போயிருவேன்."

"தெனமுமா?"

"தெனமுந்தாங்க."

நாச்சிமுத்து மெல்லத் திரும்பி மகளைப் பார்த்தார். ஒரு வயதுக் குழந்தை அறுபது நாளும் சாயங்காலம் ஆறு மணிக்குத் தூங்காது என்பது அளந்து பார்க்காமலே அவருக்குத் தெரியும். பூபதியும் பார்த்தான். கவுசல்யாவின் இடுப்பில் மகிழினி பலூன் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். கவுசல்யா கெட்டவள் அல்ல. பயந்தவள். மூன்றாம் கண் முளைப்பதற்கு முன்னாலேயே பயந்தவள். அவள் கண் நிறைந்து வழிந்தது.

"தூங்கலீங்க நங்கை" என்றாள். "முழிச்சிட்டுத்தான் இருந்தா. நாந்தான் உள்ளே வெச்சுக்கிட்டு..."

நடந்து வந்து குழந்தையை நாத்தனாரின் கையில் கொடுத்தாள்.

வளர்மதி வாங்கிக்கொண்டாள். தலை நிற்காத பிள்ளையை ஏந்துகிறவள்போல இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டாள். மகிழினிக்கு அந்த மரியாதையெல்லாம் பிடிக்கவில்லை. அத்தையின் மூக்குத்தியைப் பிடித்து இழுத்தாள்.

திங்கட்கிழமை கம்பெனியிலிருந்து திருத்தம் வந்தது. மூன்றாம் கண்ணை எடுத்துவிடுகிறோம் என்றாள் ஹேமபிரபா. "மச்சினன் வீட்டுல மட்டும் எடுக்க வேண்டாம் அம்மிணி, ஒரு இமை மட்டும் வெச்சுக் குடுங்க" என்றார் குழந்தைவேலு. வைத்தார்கள். அது இப்போதும் வளர்மதியைத்தான் பார்க்கிறது. அவ்வப்போது மூடித் திறக்கிறது, அத்தனை சாதுவாக இருக்கிறது. ஊருக்குள் மற்றவர்கள் சும்மா இருப்பார்களா? தளி ரோட்டுப் பெரியப்பா வீட்டிலிருந்து ஒருவர் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "முறைச்சிட்டு இருந்ததைக் கெடுத்துப்போட்டீங்களே, எங்க பெரியப்பாவை இனி நாங்க எப்புடித் தள்ளி வெக்கறது?" என்று சண்டை பிடித்தார். குழந்தைவேலு பின்னால் பொத்தானை அமுக்கிப் பட்டியலைக் காட்டினார். வந்தவர் படித்தார். பெரியப்பாவின் பெயருக்கு நேரே இருந்ததை இன்னொரு தரம் படித்தார். சட்டத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு போய்விட்டார்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மகிழினியை மறுபடியும் ஸ்டுடியோவுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு வயசுப் படம் எடுக்க வேண்டுமே. வெளியே பெஞ்சில் முன்னைப்போலக் கூட்டம் இல்லை. கவுசல்யா மைச்சிமிழை நங்கையிடம் நீட்டினாள். வளர்மதி பஞ்சுக் குச்சியால் பொட்டு வைத்தாள், வழக்கம்போல அச்சு வட்டமாக. வைத்துவிட்டு ஒரு கணம் பார்த்தாள். பிறகு கட்டைவிரலால் அதை ஓர் ஓரமாக இழுத்து ஈஷிவிட்டாள்.

"எதுக்குங்க வம்பு?" என்றாள்.

குழந்தைவேலு தரையில் குப்புறப் படுத்தார். கேமராவைக் கண்ணில் வைத்தார். மகிழினி எங்கெங்கோ பார்த்தாள், இவர் பக்கம் திரும்பவில்லை. வளர்மதி ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த மாட்டுச் சலங்கையை எடுத்துக் குலுக்கினாள். குழந்தை சட்டென்று நிமிர்ந்து இரண்டு கண்ணையும் அகல விரித்துச் சிரித்தது.

அந்தக் கண்ணுக்குள் வெள்ளைச் சதுரம் இல்லை. பாதி ஜன்னலை அடைத்துக்கொண்டு தலை ஒன்று, ஆடுகிற கை ஒன்று, சலங்கை ஒன்று, எல்லாம் கடுகளவில் தெரிந்தன. இருபத்தெட்டு வருடப் பழக்கத்தில் குழந்தைவேலு கத்துவதற்கு வாயைத் திறந்தார்.

"அப்புடியே நில்லு அம்மிணி" என்றார்.